அந்த மீன்காரனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைக் கழற்றிக் கழுவியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு தடிமனாகப் படிந்திருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கூடத்துக்குப் போய், போர்டிலிருந்து சமையலறை ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இப்ப ஏறு."

"ஸ்விட்ச் ஆஃப்தான்ப்பா. டெஸ்டர் வெச்சும் பாத்துட்டேன்."

"ஸ்விட்ச யாரு வேணா போடுவாங்க. என் பையில இருக்கிறத எவனும் போட முடியாது."

நான் ஒரு ரசாயன ஆலையில் பொறியாளர். அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் ஆலையிலும் இந்த விதி உண்டு. அதற்குச் சிவப்புப் பூட்டு, அட்டை, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் வேண்டும். அப்பாவுக்குச் சட்டைப் பை போதும்.

விசிறியை வாளியில் ஊறப் போட்டோம். அவர் தேய்த்தார், நான் துடைத்தேன். ஒரு இறக்கையில் விரிசல் இருக்கிறது என்றார். கீறல் என்றேன். நகத்தால் நெருடிப் பார்த்தோம். கீறல்தான். மாட்டினோம். சுற்றியது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் எடுத்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அடக்கத்துக்கு வந்து பேசியவர்கள் எல்லாரும் அவரைத் தைரியசாலி என்றார்கள். அது சரியில்லை. அப்பா பயந்தவர். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டை அவரும் மாமாவும்தான் பராமரித்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமாவுக்கு வாய் ஓயாது, அப்பாவுக்குக் கண் ஓயாது. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் அப்பா மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். "இறங்குறேன்." மேலே இருக்கும் மாமா அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "இறங்குறீங்க." சரி, ஓகே, போங்க மச்சான் என்றெல்லாம் சொன்னால் செல்லாது. அதே வார்த்தை வந்தால்தான் காலை எடுத்து வைப்பார். "லிஃப்ட் வேலையில பயப்படாதவன் எவனுக்கும் தலை நரைக்கல மாப்ள" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து படுத்து, மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பார். போலீஸ் வண்டி பின்னால் வந்தால், ஒரு தப்பும் செய்யாமலே ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிடுவார். "அவங்க போகட்டும், நமக்கென்ன அவசரம்." அவசரம்தான். நான் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்டவர் இயேசுவை நம்பியதற்கும் ஒரு பயம்தான் காரணம். எனக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி. அவளோடு இருந்தவர் அவளுடைய அம்மா, தையல் வேலை செய்பவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யாருடைய துணிக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருப்பாராம். ஒருநாள் எழுந்து வந்து, "உங்க பொண்ணுக்காகவும் ஜெபம் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "என்ன வேணா பண்ணுங்க" என்றிருக்கிறார் அப்பா. அதுதான் தன் முதல் விசுவாச அறிக்கை என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் பிழைத்தேன். அந்தச் சிறுமி பிழைக்கவில்லை. மகளை அடக்கம் செய்துவிட்டு, அந்த வாரமே அவர் எங்களைப் பார்க்க வந்தார். எனக்கு ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கட்டிலருகே நின்று, கண் வீங்கிய முகத்தோடு, நன்றி சொல்லி ஜெபித்தார்.

"நீ பொழைச்சதுக்காக நான் நம்பல பாப்பா" என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். "அவங்க பொண்ணு போனதுக்கப்புறமும் அவங்க நம்புனாங்க பாரு. அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பயந்தவர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாய் தானாகத் திறந்துவிடும். அதற்கு அவருடைய தொழிலே இடம் கொடுத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவரிடம் வெளியே நிற்கும் மெக்கானிக் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர் கதவை உதைப்பார், இடுக்கில் கை விடுவார், கை போய்விடும். எனவே அப்பா பேசினார். முதலில் பெயர், மாடி, வீட்டில் யார் யார். பிறகு, தான் எப்போது மிகவும் பயந்தார், அப்போது யார் கூட இருந்தார் என்று. சிலர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் மறுநாள் போன் செய்து இன்னும் கேட்டார்கள். ஒருவர், "பூட்டி வெச்சுப் பிரசங்கம் பண்ணா எவன்தான் கேக்க மாட்டான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது தைத்தது. அதன்பின், "கேக்க இஷ்டமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

பல வருடம் இதில் ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஊரில் காற்று மாறியது. ஒருநாள் எங்கள் ஜெபக்கூடத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. போட்டது யார் என்று கேட்கக்கூட யாரும் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் தெருவில் மெதுவாகப் போவார்கள், திரும்பி வருவார்கள். ஒன்றும் செய்யமாட்டார்கள். வீட்டு எண்களைப் பார்ப்பார்கள். அம்மா ஜன்னல் பக்கம் நின்று ஜெபிப்பதை விட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஜெபித்தாள்.

கூட்டம் தையல்கார அம்மா வீட்டுக்கு மாறியது. அங்கே ஆட்கள் வந்து போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எல்லாரும் கையில் ஒரு துணியோடு போக வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் இவர்கள் பொய் சொல்ல மாட்டார்களே. துணி தைக்க வந்தோம் என்று சொல்ல வேண்டுமானால், நிஜமாகவே துணி தைத்தாக வேண்டும். பாட்டு இல்லை, மெஷின் சத்தம்தான். ஒருவர் வேதம் வாசிக்க, அந்த அம்மா வந்த துணிகளையெல்லாம் பிரித்துத் தைத்துக்கொண்டே கேட்பார். சட்டைகள் இறுகின, தளர்ந்தன. அப்பாவிடம் ஒரே ஒரு பழுப்பு பேண்ட்தான் இதற்கென்று இருந்தது. ஒவ்வொரு வாரமும் அந்த அம்மா அதைக் கொஞ்சம் வெட்டி, மடித்து, அடித்துக் கொடுப்பார்.

"மச்சான், இன்னும் நாலு கூட்டம் போனீங்கன்னா அது ஜட்டியாயிடும்" என்றார் மாமா.

அப்பா அதைத்தான் வேலைக்கும் போட்டுக்கொண்டு போனார். கணுக்காலுக்கு மேலே நின்றது.

அவர் பராமரித்தவற்றில் பெரியது ஒரு பத்து மாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, குரலும் அப்படியே. லிஃப்டில் மாட்டிய யாரோ ஒருவர் புகார் சொன்னதும், அப்பாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்.

"உன் கடவுள என் லிஃப்டுல ஏத்தாத. ஏத்தினா உன்னையும் சேத்து இறக்கிடுவேன். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டயும் சொல்லிடுவேன். வேலைக்கு வந்தா வேலைய மட்டும் பேசு. புரியுதா?"

"புரியுது சார்."

'யார்கிட்ட சொல்லணுமோ' என்றால் அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா வாயை மூடிக்கொண்டார். லிஃப்டில் மாட்டியவர்களிடம் மாடி எண்ணும் மழையும் பேசினார். அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அப்பா தூங்கவில்லை.

பிறகு அந்த மோட்டார் சைக்கிள் ஆட்கள் வந்து தையல்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரவிக்கை தைக்க வந்த ஒரு பெண், தனக்கு வீட்டில் நிம்மதியில்லை என்று அழுதிருக்கிறாள், எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா பண்ணினார். பெண்ணின் பைக்குள் இருந்த போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

மறுநாள், பத்து மாடிக் கட்டடத்தின் வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. மாமாவும் கூட இருந்ததால் நடந்ததை அப்படியே சொன்னார்.

"அந்தத் தையல்காரியத் தெரியுமா உனக்கு?"

"தெரியும். பேண்ட் தைக்கக் குடுப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருவரும் அப்பாவின் பேண்டைப் பார்த்தார்கள். "நல்லாத்தான் தைச்சிருக்கா!" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

மாமா அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தை பொய்யில்ல பாப்பா" என்றார் என்னிடம். "அதான் கேவலம். பொய் சொல்லாமலே மறுதலிச்சுட்டேன்."

சில நாளில் அந்த அம்மாவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அப்பா போய்ப் பார்த்தார். நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா ஒரு பக்கக் கன்னம் கறுத்திருக்க, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கொண்டு வந்தது பேண்ட்டு. நான் தைச்சேன். இதுல என்ன அண்ணே பொய்?"

"உங்களோட ஜெபம் பண்றவன்னு சொல்லல."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இயேசு கூட இருந்த அந்த மீன்காரர் மட்டும் என்ன? அவரத் தெரியாதுன்னு மூணு தடவ சொல்லிட்டு வெளிய போய் அழுதார். ஆண்டவர் அவர அழ விட்டார். ஆனா அதோட விட்டுடல. நீங்க அழுது முடிச்சாச்சா?"



இதற்குப் பிறகுதான் அந்த லிஃப்ட் நின்றது. எனக்கு விடுமுறை. அப்பாவின் ஸ்கூட்டர் பழுது பார்க்கப் போயிருந்ததால் என் வண்டியில் அவரைக் கொண்டுபோய் விட்டேன். பத்து மாடிக் கட்டடம். மின்சாரம் போய், லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஆள். செயலாளர்.

மாமா மேலே மெஷின் அறைக்கு ஓடினார். மெயின் இணைப்பைத் துண்டித்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அறையின் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். அப்பா ஏழாவது மாடிக் கதவருகே நின்றார். நான் டார்ச் பிடித்தேன்.

உள்ளே முதலில் அதட்டல். பிறகு உதை. பிறகு ஒரு சத்தம். அந்த மனிதரின் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. மூச்சு ஏறி ஏறி இறங்கும் சத்தம்.

"சார், நான்தான் மெக்கானிக். மேல ஆள் போயிருக்கு. கதவத் தொடாதீங்க. உக்காந்துக்கோங்க."

"மூச்சு முட்டுது."

"காத்து வரும் சார். மேல ஓட்டை இருக்கு."

"பேசு. பேசிட்டே இரு."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார்.

"நாலு இரும்புக் கயிறு இருக்கு சார். ஒரே கயிறு போதும், பெட்டியத் தாங்கிடும். மீதி மூணும் சும்மா காவலுக்கு. நாலும் அறுந்தாலும் கீழ..."

"யோவ்! கயிறு பத்திப் பேசாத!"

"சரி சார்."

"வேற பேசு!"

"வேற பேசக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க."

உள்ளேயிருந்து கதவில் நகம் கீறும் ஓசை. "பேசித் தொலைய்யா. என்ன வேணா பேசு. உன் சாமியப் பத்தியே பேசு. நிறுத்தாத."

படிக்கட்டில் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையில் போன் இருந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. உள்ளே இருந்தவரைவிட அதிகம் பயந்திருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன். பிறகு கதவின் பக்கம் திரும்பி, நெற்றியை அதில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு மீன்காரன் சார். பெரிய தைரியசாலின்னு அவனுக்கே நெனப்பு. இயேசு கூடவே மூணு வருஷம் சுத்துனவன். செத்தாலும் உங்க கூடத்தான்னு சொன்னவன். அவரப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்குப் பின்னாடியே போனான். ஆனா உள்ள போகல. முற்றத்துல கரி போட்டுக் குளிர் காஞ்சிட்டிருந்தாங்க, அங்க போய் நின்னுக்கிட்டான். ஒரு வேலைக்காரப் பொண்ணு வந்தா. சின்னப் பொண்ணு சார், கையில கத்தியா கம்பா ஒண்ணுமில்ல. 'நீயும் அந்த ஆளோட இருந்தவன்தானே?'ன்னு கேட்டா. 'அந்த ஆள எனக்குத் தெரியவே தெரியாது'ன்னுட்டான்."

உள்ளே மூச்சு கொஞ்சம் நிதானமானது.

"மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவயும் தெரியாதுன்னான். கடைசில சத்தியமே பண்ணான். அப்ப இயேசு திரும்பி அவனப் பாத்தார். திட்டல. பாத்தார், அவ்வளவுதான். அவன் வெளிய போய், தேம்பித் தேம்பி..."

மேலிருந்து மாமாவின் குரல். "சுத்துறேன்!"

அப்பா தலையை நிமிர்த்தினார். "சுத்துற!"

பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலேறியது. அப்பா முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். செயலாளர் மூலையில் குந்தியிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எழுந்தார். படிக்கட்டில் நின்றவர்களைப் பார்த்தார். முடியைக் கோதினார். அப்பாவைப் பார்க்காமலே அவரைக் கடந்து, படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மூவரும் பேச்சை நிறுத்துவோம். அம்மா ஒரு பையில் அப்பாவுக்கு மாற்றுத் துணியும் மாத்திரையும் எடுத்து வைத்தாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் ஆலையில் அளவுகளைக் குறிக்கும்போது ஒரே எண்ணை மூன்று முறை படித்தேன்.

போன் வந்தது, செயலாளரிடமிருந்து. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். பயந்தால் எல்லாவற்றையும் எங்கள் முன்னால்தான் செய்வார்.

"அன்னிக்குச் சொன்னியே, அந்த மீன்காரன். அவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அப்பா எங்களைப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் ஆட்டினாள்.

"எதுக்கு சார் கேக்குறீங்க?"

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். உங்க வழியில போனவன். என்கிட்ட வந்து கேட்டாங்க. எனக்குத் தம்பியே கிடையாதுன்னு சொல்லிட்டேன். இப்ப அவன் எங்க இருக்கான்னு தெரியல." தொண்டையைச் செருமினார். "போன்ல வேண்டாம். வீட்டுக்கு வா. கட்டடத்துக்கு இல்ல, என் பழைய வீட்டுக்கு. சனிக்கிழமை சாயங்காலம். தனியா வா."

"பொறி" என்றாள் அம்மா, போன் வைத்த நொடியில். "அந்தப் பொண்ணு அழுத மாதிரிதான் இதுவும். தனியா வான்னா என்ன அர்த்தம்? பக்கத்து ரூம்ல ஆள உக்கார வெச்சிருப்பாங்க."

மாமா மறுநாள் விசாரித்துவிட்டே வந்தார். "மச்சான், அந்தாளுக்குத் தம்பியே கிடையாதாம். கட்டடத்துல எல்லாரும் சொல்றாங்க. வாட்ச்மேன், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும். ஒத்தப் புள்ளயாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"



"எல்லார்கிட்டயும் அப்படித்தானே மாப்ள சொல்லியிருப்பார்" என்றார் அப்பா.

மாமாவுக்கு அன்று முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை.

நான் இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பொறியாக இருந்தாலும் கட்டடத்தில் இதையேதான் சொல்வார்கள். உண்மையாக இருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். எந்தக் கருவியாலும் இதைப் பிரித்துக் காட்ட முடியாது. இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப என்ன பண்ணலாம்கிற?"

"போகாதீங்கப்பா."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு பாப்பா. காலைலேருந்து ரெண்டு தடவ பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன்." சிரித்தார். "ஆனா அந்தாளு பொறி வெச்சுருந்தாலும், கேட்டது நெஜமான கேள்விதான். பாதில விட்டா அந்தக் கதை வெறும் அழுகைல நிக்குது. அழுகையோட ஒருத்தர விட்டுட்டு வர்றது தப்பு."

"ஏங்க, உங்களுக்குன்னு ஒரு பொண்ணு இருக்கா" என்றாள் அம்மா.

"அதனாலதான் இவ்வளவு பயம்."

போவது என்று முடிவு செய்தார். புதன்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சொல்லப் போவதை எங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். ஆனால் குழாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலை அவர் போய்விட்டார். சனிக்கிழமையன்று வீடு முழுக்க ஆட்கள். தையல்கார அம்மா வந்திருந்தார், துணியொன்றும் எடுத்துவராமல், வாசல் வழியாக, எல்லாரும் பார்க்க.

சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. செயலாளர். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் எடுத்தேன்.

"எங்க, ஆளக் காணோம்?"

"அப்பா வியாழக்கிழமை தவறிட்டாங்க சார்."

அந்தப் பக்கம், பின்னால் யாரோ இருமியது கேட்டது. அவரேதானா, வேறொருவரா, தெரியவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். மறுபடி இருமல் வரவில்லை.

"நீ யாரு? டார்ச் பிடிச்சிட்டு நின்ன பொண்ணா?"

"ஆமா சார்."

"உனக்குத் தெரியுமா அது? அப்புறம் என்ன ஆச்சுன்னு?"

அம்மாவின் விரல்கள் இறுகின.

"தெரியும் சார்" என்றேன்.

"எப்ப வர்ற?"

சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி, போனை வைத்துவிட்டேன்.

அப்பா அந்தப் புதன்கிழமை சொல்லிப் பார்த்தது இதுதான். முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"இயேசுவக் கொன்னுட்டாங்க. ஆனா அவர் உயிரோட எழுந்துட்டார். இவனுக்கு அது தெரியும், பாத்துட்டான், ஆனா முகத்தப் பாத்துப் பேச முடியல. பழையபடி மீன் பிடிக்கப் போயிட்டான். விடிய விடிய ஒண்ணும் மாட்டல. விடியக்காலைல கரையில ஒருத்தர் நிக்கிறார். கரி நெருப்பு மூட்டி, மீனும் ரொட்டியும் வெச்சிருக்கார். அதே மாதிரி கரி நெருப்பு சார், அவன் தெரியாதுன்னு சொன்ன இடத்துல இருந்த மாதிரியே. 'வா, சாப்பிடு'ன்னார். ஏண்டா அப்படிச் சொன்னேன்னு கேக்கல. சாப்பிட்டு முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி. 'என் மேல அன்பா இருக்கியா?' மூணு தடவ கேட்டார். மூணு தடவயும் இவன் ஆமான்னான். 'அப்ப என் ஆடுகளப் பாத்துக்கோ'ன்னு வேலையத் திருப்பிக் குடுத்துட்டார். அவ்வளவுதான் சார். பயந்தவன்கிட்டதான் குடுத்தார்."

செயலாளர் அனுப்பிய பழைய வீட்டின் விலாசம் அப்பாவின் போனில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அடக்கம் முடிந்து மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் போகவில்லை.